கிடத்தலும் வாழ்தலும்: செவ்வாய்க்கு மாஸ் ஏற்றுவோர் கவனத்திற்கு

தமிழில் ‘கிடத்தல்’ என்றொரு சொல் உண்டு. ‘வாழ்தல்’ என்றொரு சொல்லும் உண்டு. ஒருவனைப் பற்றி ‘உயிரோடு கிடக்கிறான்’ என்று சொல்வதற்கும் ‘வாழ்கிறான்’ என்று சொல்வதற்கும் உள்ள தொலைவை எந்த இலக்கணமும் படியாத பாட்டி அறிவாள். அந்தத் தொலைவை அறிவியல் செய்தி எழுதுவோரும், வேற்றுக் கோள்களைப் பசுமையாக்கும் கனவில் திளைப்போரும் சில ஆண்டுகளாக மறந்துவிட்டார்கள் என்பதே இக்கட்டுரையின் குற்றச்சாட்டு. இது வெறும் சொற்சண்டை அன்று. சொல் பிழைத்த இடத்தில் சிந்தனையும் பிழைத்திருக்கிறது. அப்பிழையின் விலையை இங்கே, இம்மண்ணில், ஓர் உயிர்க்கூட்டம் கொடுத்துக்கொண்டிருக்கிறது.

முதலில் செய்திகளைப் பார்த்துவிடுவோம். 2024-ஆம் ஆண்டின் நடுவில், சீனாவின் ஷின்ஜியாங் சூழலியல் மற்றும் புவியியல் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் ‘தி இன்னொவேஷன்’ என்னும் ஆய்விதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். சின்ட்ரிக்கியா கேனினெர்விஸ் என்னும் பாலைநில மாஸ் தாவரம் கடுங்குளிரையும் கதிர்வீச்சையும் செவ்வாயை ஒத்த சூழலையும் தாங்கிப் பிழைத்தது என்பது அதன் சாரம். 2025 நவம்பரில், ஜப்பானின் ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டொமொமிச்சி ஃபுஜிட்டாவின் குழு ‘ஐசயன்ஸ்’ இதழில் மற்றொன்றை வெளியிட்டது. ஃபிஸ்கோமிட்ரியம் பேட்டன்ஸ் என்னும் இன்னொரு மாஸின் ஸ்போர்கள், சர்வதேச விண்வெளி நிலையத்தின் வெளிப்புறத்தில் 283 நாட்கள் வைக்கப்பட்டுத் திரும்பி வந்த பின்னும் எண்பது விழுக்காட்டுக்கு மேல் பிழைத்திருந்தன.

இரண்டும் நல்ல ஆய்வுகள். அவற்றை மறுப்பது என் நோக்கமன்று. ஆனால் அவை ஆய்விதழை விட்டு இறங்கிச் செய்தியாகித் தெருவுக்கு வந்தபோது என்னவாயின? ‘செவ்வாயில் வாழக்கூடிய செடி’ ஆயின. ‘செவ்வாயைப் பசுமையாக்கப் போகும் முன்னோடி’ ஆயின. தமிழில் இன்னொரு குழப்பமும் சேர்ந்துகொண்டது. மாஸ் என்பதற்கு நம்மிடம் நிலைபெற்ற சொல் இல்லாததால் பலரும் ‘பாசி’ என்று எழுதினார்கள். பாசி என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது குளத்துப் படித்துறையில் வழுக்கும் பச்சை. அது வேறு குடும்பம். மாஸ் என்பது வேரில்லாத, தண்டும் இலையும் போன்ற உறுப்புகள் கொண்ட, நிலத்தில் வளரும் மிகச் சிறிய தாவரம். மழைக்காலத்து மதிற்சுவரில் பச்சை வெல்வெட்டுத் துணி விரித்தாற்போலப் படர்வதும், கோடையில் கருகிப் பொருக்காகிக் கிடப்பதும் அதுவே. பள்ளிப் பாடநூல்கள் ‘மாஸ்’ என்றே எழுதுகின்றன. நானும் அதையே பின்பற்றுகிறேன்.

*

ஷின்ஜியாங் ஆய்வில் உண்மையில் என்ன செய்தார்கள்? சற்று நிதானமாகப் பார்ப்போம். வாதம் முழுவதும் இதன்மேல்தான் நிற்கிறது.

இந்த மாஸ் தன் நீரில் 98 விழுக்காட்டுக்கு மேல் இழந்தும் சாவதில்லை. நீர் பட்ட சில நொடிகளிலேயே அதன் ஒளிச்சேர்க்கை மீளத் தொடங்குகிறது. பூஜ்யத்துக்குக் கீழே 80 டிகிரி குளிரில் ஐந்து ஆண்டுகள் வைத்திருந்து எடுத்தார்கள், மீண்டும் துளிர்த்தது. பூஜ்யத்துக்குக் கீழே 196 டிகிரியில் உள்ள திரவ நைட்ரஜனில் 30 நாட்கள் மூழ்கடித்து எடுத்தார்கள், அப்போதும் துளிர்த்தது. காமா கதிர்வீச்சில் 5000 கிரே அளவை எட்டும்போதுதான் ஏறத்தாழப் பாதிச் செடிகள் மடிந்தன. மனித உடலுக்கு ஐந்து கிரே அளவே மரணத்தின் வாசல் என்பதை நினைவிற்கொண்டால் இதன் பிரம்மாண்டம் விளங்கும். கடைசியாக, செவ்வாயின் வளிமண்டலத்தைப் போலவே 95 விழுக்காடு கரியமில வாயு, மிகக் குறைந்த அழுத்தம், கடும் புற ஊதாக் கதிர், பகலிரவு வெப்ப ஏற்றத்தாழ்வு ஆகியவற்றைக் கொண்ட ஓர் அறையில் வைத்தார்கள். உலர்ந்த செடிகள் ஏழு நாள் வரை அவ்வறையில் இருந்து, பின்னர் முப்பது நாட்களுக்குள் முழுமையாக மீண்டன.

வியப்பதற்குரிய செய்திதான். ஆனால் ஒவ்வொரு வாக்கியத்திலும் ஒளிந்திருக்கும் ஒரு சொல்லைக் கவனியுங்கள்: ‘பின்னர்’. செடி மீண்டது குளிரிலன்று, குளிரிலிருந்து எடுத்த பின்னர். துளிர்த்தது திரவ நைட்ரஜனிலன்று, அதிலிருந்து வெளியே எடுத்து, பூமியின் காற்றும் அழுத்தமும் நீரும் இதமான வெப்பமும் கொடுத்த பின்னர். செவ்வாய் அறைக்குள் அது ஒரு இலைகூட விடவில்லை. ஃபுஜிட்டா குழுவின் ஸ்போர்களும் விண்வெளியில் முளைக்கவில்லை. பூமிக்குத் திரும்பி ஆய்வகத்துத் தட்டில் ஊன்றப்பட்ட பின்னரே முளைத்தன. ஆய்வாளர்கள் இதை மறைக்கவில்லை. பூமியின் வழக்கமான வளர்சூழலில் மீண்டது என்றே ஷின்ஜியாங் குழுவினர் தம் கட்டுரையில் எழுதியிருக்கிறார்கள். அந்தச் சொற்களைத் தூக்கியெறிந்துவிட்டு எஞ்சியதைப் படித்தவர்கள்தான் செவ்வாயில் தோட்டம் போடுகிறார்கள்.

ஒரு நெல்மணியைக் குதிருக்குள் பத்திரமாக வைத்து அடுத்த ஆண்டு எடுத்து விதைத்தால் முளைக்கிறது. அதைக் கண்டு ‘நெல் குதிருக்குள் விளையும்’ என்று எந்த உழவராவது சொல்வாரா?

*

தாங்குதல் எப்படி நிகழ்கிறது என்று தெரிந்தால் இந்த வேறுபாடு இன்னும் துலங்கும்.

நம்மூர் மரங்கள் வறட்சியை எதிர்கொள்வது போரிடுவதன் மூலம். ஆழ வேர் விடுகின்றன, இலையுதிர்க்கின்றன, தண்டில் நீர் சேமிக்கின்றன. உள்ளே இருக்கும் ஈரத்தை வெளியே விடாமல் காப்பதே அவற்றின் உத்தி. பாலைநில மாஸின் உத்தி அதற்கு நேர் எதிரானது. அதற்கு வேரில்லை, சேமிப்புக் கிடங்கில்லை. வெளியே காற்று உலர்ந்தால் அதுவும் உலர்ந்துவிடுகிறது. போராடாமல் சரணடைகிறது என்று சொல்லலாம். ஆனால் அந்தச் சரணாகதிக்கு முன்னேற்பாடுகள் உண்டு. செல்லுக்குள் சர்க்கரைகள் செறிந்து, நீர் வெளியேற வெளியேற, உள்ளிருக்கும் கூழ் கண்ணாடி போன்ற ஒரு திடநிலையை அடைகிறது. சில சிறப்புப் புரதங்கள் மற்றப் புரதங்களையும் சவ்வுகளையும் சிதையாமல் தாங்கிப் பிடிக்கின்றன. இலைகள் தண்டைச் சுற்றி முறுக்கிக்கொள்கின்றன. இலை நுனியில் உள்ள வெள்ளை மயிரிழைகள் வெயிலைத் திருப்பியடிக்கின்றன. மூடுபனிக் காலத்தில் அதே இழைகள் காற்றிலுள்ள ஈரத்தைத் துளிகளாக்கி இலைக்கு அனுப்புகின்றன என்று 2016-இல் ஓர் ஆய்வு விரிவாகக் காட்டியது.

அந்தக் கண்ணாடி நிலையில் செல்லுக்குள் ஏறத்தாழ எதுவும் நிகழ்வதில்லை. உண்பதில்லை, வளர்வதில்லை, மூச்சு இல்லையென்றே சொல்லலாம். எதுவும் நிகழாத இடத்தில் கெடுவதற்கும் அதிகமில்லை. உறைவதற்கு நீரில்லாததால் பனிப்படிகம் செல்லைக் கிழிப்பதில்லை. குளிர் அதைக் கொல்லாததற்குக் காரணம் அது குளிரில் வாழக் கற்றது அன்று. அந்நேரத்தில் வாழாமலிருக்கக் கற்றது.

நம்மவர்களுக்குச் சஞ்சீவி நினைவு வரும். வட இந்தியாவில் சஞ்சீவினி என்ற பெயரில் விற்கப்படும் செலாஜினெல்லா பிரையோப்டெரிஸ் என்னும் செடியும் இவ்வகைதான். பெரணிகளுக்குத் தூரத்து உறவு. காய்ந்து சுருண்ட உருண்டையாகக் கிடப்பதை நீரிலிட்டால் சில மணி நேரத்தில் விரிந்து பச்சையாகிறது. அதைக் காண்பவர்களுக்கு உயிர்த்தெழுதல் என்று தோன்றுவது இயல்பு. ஆனால் அங்கும் உயிர்ப்பித்தது நீரே. நீரில்லாமல் அந்த உருண்டை எத்தனை நாள் கிடந்தாலும் உருண்டையாகவே கிடக்கும்.

*

இனி நான் இக்கட்டுரை எழுத முக்கியக் காரணமான செய்திக்கு வருகிறேன். இதை நம் செய்தித்தாள்களில் காண்பது அரிது. தலைப்புக்கு ஏற்ற கவர்ச்சி அதில் இல்லை என்பதால் இருக்கலாம்.

சின்ட்ரிக்கியா கேனினெர்விஸ் சீனத்தின் கூர்பான்துங்குத் பாலையில் மட்டும் வளர்வதன்று. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தை உள்ளடக்கிய கொலராடோ பீடபூமியிலும் மொஹாவி பாலையிலும் அது உண்டு. 2012-இல் சாஷா ரீட், ஜெய்ன் பெல்னாப் முதலிய ஆய்வாளர்கள் ‘நேச்சர் கிளைமேட் சேஞ்ச்’ இதழில் அந்தப் பீடபூமியில் செய்த களச்சோதனை ஒன்றை வெளியிட்டார்கள். பருவநிலை மாறும்போது கோடையில் சிறு தூறல்கள் அடிக்கடி விழலாம் என்ற கணிப்பை வைத்துக்கொண்டு, சில பாத்திகளில் கோடைக்காலத்தில் 1.2 மில்லிமீட்டர் அளவுள்ள சிறு மழைகளைச் செயற்கையாகக் கூட்டினார்கள். அதற்கு முன் அந்நிலப்பரப்பில் ஏறத்தாழ 25 விழுக்காட்டை மூடியிருந்தது இந்த மாஸ். ஒரே ஒரு வளர்பருவம் முடிந்தபோது அது 2 விழுக்காட்டுக்கும் கீழே போயிற்று.

மீண்டும் படியுங்கள். திரவ நைட்ரஜன் கொல்லாத செடியைத் தூறல் கொன்றது. ஐயாயிரம் கிரே கதிரை எட்டும்வரை பாதிக்கு மேல் பிழைத்து நின்ற இனம், ஒரு மில்லிமீட்டர் சொச்ச மழை அடிக்கடி பெய்ததில் அடியோடு அழிந்தது.

காரணம் எளிது, கணக்குப் போன்றது. உலர்ந்து கிடக்கையில் இந்த மாஸுக்குச் செலவில்லை. விழிக்கும்போதுதான் செலவு. நீர் பட்டதும் சிதைந்த சவ்வுகளைச் சீர் செய்யவேண்டும், புரதங்களை மீண்டும் ஒழுங்குபடுத்தவேண்டும். அதற்குத் தன் சேமிப்பிலிருந்து கார்பனைச் செலவழிக்கிறது. பிறகு நீண்ட நேரம் ஈரமாக இருந்தால் ஒளிச்சேர்க்கை செய்து செலவிட்டதை ஈட்டி, மேலும் கொஞ்சம் சேர்த்து வைக்கும். குளிர்காலத்து நிதானமான மழையும் உருகும் பனியும் அதற்கு அந்த அவகாசத்தைத் தருகின்றன. கோடைத் தூறலோ எழுப்பிவிடுகிறது, ஈட்டுமுன் காய்ந்துவிடுகிறது. ஒவ்வொரு விழிப்பும் நட்டம். கடை திறக்கும் செலவு உண்டு, வியாபாரம் இல்லை என்ற நிலையில் எந்த வணிகர் எத்தனை நாள் தாங்குவார்? முதல் கரைந்து, ஒருநாள் கடை மூடப்படுகிறது.

ஆக, இந்தத் தாவரத்தின் வாழ்வும் சாவும் முடிவாவது எவ்வளவு கடுமையை அது தாங்குகிறது என்பதில் அன்று. கடுமைகளுக்கு இடையே எவ்வளவு நல்ல நேரம் அதற்குக் கிடைக்கிறது என்பதில்தான். இந்த ஒரு வாக்கியத்தை ஏற்றுக்கொண்டால் செவ்வாய்த் தோட்டம் பற்றிய பேச்சு முழுவதும் ஆட்டம் கண்டுவிடும். செவ்வாயில் நல்ல நேரம் எது? வளிமண்டல அழுத்தம் சுமார் ஆறு மில்லிபார். பூமியில் உள்ளதில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. அந்த அழுத்தத்தில் நீர் திரவமாக நிலைத்து நிற்பதில்லை. பனிக்கட்டியாக இருக்கும், அல்லது ஆவியாகிப் போகும். ஓசோன் படலம் இல்லாததால் புற ஊதாக் கதிர் தடையின்றி மண்ணில் விழுகிறது. 2008-இல் ஃபீனிக்ஸ் ஆய்வுக்கலம் மண்ணில் பெர்குளோரேட் உப்புகளைக் கண்டது. புற ஊதாக் கதிரோடு சேரும்போது இவ்வுப்பு பாக்டீரியாக்களை இன்னும் விரைவாகக் கொல்கிறது என்று 2017-இல் எடின்பரோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினார்கள். அங்கே கொண்டு வைத்த மாஸ் சில காலம் சாகாமல் கிடக்கலாம். விழிக்கும் வேளை அதற்கு வாய்க்காது. விழித்தாலும் ஈட்டும் வேளை வாய்க்காது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். மொஹாவி பாலையில் இதே இனம் பால்நிறப் படிகக் கற்களுக்கு அடியில் ஒதுங்கி வளர்வதை 2020-இல் கலிஃபோர்னிய ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். கல்லுக்கு அடியில் ஈரம் சற்று நேரம் தங்குகிறது, வெப்பமும் கதிரும் மட்டுப்படுகின்றன. பூமியின் பாலை வெயிலுக்கே கல் நிழல் தேடும் ஒரு செடியைத்தான், கவசமின்றிச் செவ்வாயில் நிறுத்தப் போகிறார்களாம். தவிரவும், மொஹாவியில் இந்த மாஸின் ஆண்செடிகள் மிக அரிது. பாலினப்பெருக்கத்தின் விளைவான ஸ்போர்ப்பைகளைக் காண்பதும் அரிது. உடைந்த துண்டுகள் தழைத்தே அது பெரும்பாலும் பரவுகிறது. கடுஞ்சூழலில் கிடக்க முடிகிறது. பெருகுவது பூமியிலேயே அதற்குக் கடினமாக இருக்கிறது.

*

எதிர்த்தரப்பின் வாதங்களை வைக்காமல் போவது நேர்மையாகாது. மூன்று வாதங்கள் வலுவானவை.

முதல் வாதம்: ‘பூமியையே பசுமையாக்கியவை மாஸ்களின் மூதாதையர்தாமே? வெறும் பாறையாய்க் கிடந்த நிலத்தில் முதலில் ஏறியவை அவைதாமே?’ உண்மை. ஏறத்தாழ 47 கோடி ஆண்டுகளுக்கு முன் நிலமேறிய அந்தச் சிறு தாவரங்கள் இல்லையேல் நாம் இல்லை. ஆனால் அவை ஏறிய நிலத்தருகே கடல் இருந்தது. மேலே மழைமேகம் இருந்தது. அவற்றுக்கும் முன்னே இருநூறு கோடி ஆண்டுகளுக்கு மேலாகச் சயனோபாக்டீரியாக்கள் உமிழ்ந்த ஆக்சிஜனும் அதனால் உருவான ஓசோனும் இருந்தன. கடற்கரையிலும் சேற்றிலும் நுண்ணுயிர்கள் ஏற்கெனவே குடியிருந்தன. பந்தி பரிமாறிய வீட்டில் முதல் விருந்தாளியாக நுழைந்தவரைக் காட்டி, அடுப்பே இல்லாத பொட்டலில் அவரைச் சமைக்கச் சொல்வது என்ன நியாயம்?

இரண்டாம் வாதம்: ‘செவ்வாயையே மாற்றிவிடலாம். துருவப் பனியையும் மண்ணில் உள்ள வாயுவையும் வெளியேற்றினால் வளிமண்டலம் தடித்து வெப்பம் கூடும்.’ 2018-இல் ப்ரூஸ் ஜகோஸ்கியும் கிறிஸ்டஃபர் எட்வர்ட்ஸும் ‘நேச்சர் அஸ்ட்ரானமி’யில் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தார்கள். கைக்கு எட்டும் கரியமில வாயு முழுவதையும் வெளியேற்றினாலும் பூமி போன்ற வெப்பத்துக்கும் அழுத்தத்துக்கும் அருகில்கூட வராது என்பதே முடிவு. இன்றைய தொழில்நுட்பத்துக்கு அது கைகூடாது. அந்தக் கணக்கை முறியடிக்காமல் மாஸைப் பற்றிப் பேசுவது, கிணறு வெட்டாமல் ஏற்றத்துக்குச் சாயம் பூசுவது.

மூன்றாம் வாதம் சற்று நுட்பமானது: ‘வெளியே வேண்டாம், கூண்டுக்குள் வளர்ப்போம். அழுத்தமும் நீரும் வெளிச்சமும் கொடுத்த கண்ணாடிக் குடிலில் வளர்ப்போம்.’ தாராளமாக வளர்க்கலாம். ஆனால் அத்தனையும் கொடுத்த பிறகு கடுந்தாவரம் எதற்கு? விண்வெளி நிலையத்தில் 2015-லேயே அமெரிக்க விண்வெளி வீரர்கள் தாம் வளர்த்த சிவப்புக் கீரையைத் தின்றார்கள். கூண்டுக்குள் வேண்டியது வேகமாக வளர்ந்து வயிற்றை நிரப்பும் பயிர். கடுமையைத் தாங்கும் செடிகளோ, அந்தத் தாங்குதலுக்காகவே மெல்ல வளர்பவை; ஈட்டுவதில் பெரும்பகுதியைக் காப்புக்குச் செலவிடுபவை. ஆக, வெளியே வைத்தால் மாஸால் வாழ முடியாது. உள்ளே வைத்தால் மாஸ் தேவைப்படாது. இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு இடத்தை யாராவது காட்டினால் நான் மகிழ்ச்சியோடு கேட்டுக்கொள்வேன்.

இதுவரை நடந்த விண்வெளி விளைச்சல்கள் எல்லாம் இந்தக் கூண்டின் கதைகளே. 2019 ஜனவரியில் நிலவின் மறுபக்கத்தில் இறங்கிய சீனாவின் சாங்இ-4 கலத்தில் ஒரு பருத்தி விதை முளைத்தது. மூடிய உருளைக்குள், கொண்டுபோன மண்ணிலும் நீரிலும். நிலவின் இரவு வந்து வெப்பம் வீழ்ந்ததும் மடிந்தது. 2022-இல் ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தினர் அப்போலோ பயணங்களில் வந்த நிலவு மண்ணில் அராபிடாப்சிஸ் என்னும் செடியை முளைக்க வைத்தார்கள். விதைகள் முளைத்தன; ஆனால் செடிகள் குன்றி வளர்ந்தன, அவற்றின் மரபணுக்கள் நெருக்கடியில் இருப்பதைக் காட்டின. இத்தனைக்கும் காற்றும் நீரும் ஊட்டமும் பூமியுடையவை. 2024 டிசம்பர் 30 அன்று பிஎஸ்எல்வி சி-60 ஏவுகலத்தில் இஸ்ரோ அனுப்பிய எட்டுக் காராமணி விதைகள் நான்கு நாளில் முளைத்ததும், சில நாளில் இலைவிட்டதும் நாமனைவரும் பெருமைப்பட்ட செய்தி. பெருமை நியாயமே. மூடிய பெட்டிக்குள் வெப்பத்தையும் காற்றையும் கட்டுப்படுத்தி, எடையற்ற நிலையில் விதையை முளைக்க வைத்த பொறியியல் பாராட்டுக்குரியது. முளைத்தது காராமணி, ஆனால் வென்றது பெட்டி. இதைச் சொல்வது இஸ்ரோவைக் குறைப்பதாகாது. அவர்கள் செய்ததைச் சரியாகப் பெயரிடுவதாகும்.

*

‘கனவு காண்பதில் என்ன குறைந்துவிட்டது?’ என்று நண்பர்கள் கேட்கக்கூடும். குறைவது இரண்டு.

ஒன்று, நம் கண். சின்ட்ரிக்கியா போன்ற மாஸ்களும் லைக்கன்களும் சயனோபாக்டீரியாக்களும் சேர்ந்து பாலைமண்ணின் மேல் ஒரு மெல்லிய உயிர்ப்பொருக்கை நெய்கின்றன. காற்று மண்ணை அள்ளிப்போகாமல் தடுப்பது அது. நைட்ரஜனையும் கார்பனையும் மண்ணில் சேர்ப்பதில் அதற்குப் பெரும்பங்கு உண்டு. ஒரு காலடி பட்டாலே நொறுங்குவது; ஒரு வண்டிச்சக்கரம் போன தடத்தில் மீண்டும் முழுமையாக உருவாகப் பல பத்தாண்டுகள் பிடிப்பது. யூட்டாவின் தேசியப் பூங்காக்களில் பாதையை விட்டு இறங்காதீர்கள் என்று வருவோரைக் கெஞ்சுவது இதற்காகத்தான். இதே நேரத்தில் அண்டார்டிகாவைப் பாருங்கள். அங்கே சைனி தீவில் 1500 ஆண்டுகளுக்கும் மேலாக உறைந்து கிடந்த மாஸ் ஒன்று ஆய்வகத்தில் துளிர்த்ததை 2014-இல் வெளியிட்டபோது உலகமே வியந்தது. நான்கே ஆண்டில், 2018-இல், கிழக்கு அண்டார்டிகாவின் கேசி நிலையத்தருகே மாஸ் திட்டுகள் வறண்டு வருவதையும், ஈரம் விரும்பும் இனம் பின்வாங்குவதையும், பச்சைத் திட்டுகள் நெருக்கடியில் சிவந்து சாம்பலாவதையும் ஷேரன் ராபின்சன் குழுவினர் பதிவு செய்தார்கள். முதல் செய்தி பரவிய அளவில் இரண்டாவது பரவவில்லை. ‘எதையும் தாங்கும் தாவரம்’ என்று ஒன்றுக்குப் பட்டம் கொடுத்துவிட்டால், அது சாவதை நாம் கவனிக்கத் தேவையில்லை. பட்டத்தின் கொடுமை அது. ‘எதையும் தாங்குவாள்’ என்று நம் வீடுகளில் யாருக்குப் பட்டம் கொடுத்து, யார் தலையில் எல்லாச் சுமையையும் ஏற்றினோம் என்பதை நான் விளக்கவேண்டியதில்லை.

இரண்டு, நம் பொறுப்பு. செவ்வாயில் நுண்ணுயிர் எதுவும் இல்லை என்று இன்னும் யாரும் நிறுவவில்லை. 1967-ஆம் ஆண்டு விண்வெளி உடன்படிக்கையின் ஒன்பதாம் பிரிவு, வேற்றுக் கோள்களைத் தீங்கு விளையும்படி மாசுபடுத்தாதிருக்க நாடுகளைக் கடப்பாடுடையவை ஆக்குகிறது. நம்மூர் மாஸ் அங்கே வளராது என்பது என் வாதம். ஆனால் சாகாமல் கிடக்கும் என்பதை மேற்சொன்ன ஆய்வுகளே காட்டுகின்றன. கிடக்கும் மாஸோடு பூமியின் நுண்ணுயிர்களும் போகும். பிறகு அங்கே உயிரின் தடயம் ஒன்று கிடைத்தால், அது செவ்வாயுடையதா நம்முடையதா என்று யார் சொல்வது? தோட்டம் போடும் ஆசையில் நூலகத்தை எரிப்பது போன்றது இது.

*

அப்படியானால் இந்த ஆய்வுகளே வீணா? இல்லவே இல்லை. அவற்றின் பயன் வானத்தில் அன்று, வயலில் இருக்கிறது. நீரின்றிக் கிடந்து மீளும் தாவரங்களின் மரபணுக்களிலிருந்து வறட்சி தாங்கும் பயிர்களை உருவாக்க முடியுமா என்று தென்னாப்பிரிக்காவின் கேப்டவுன் பல்கலைக்கழகத்தில் ஜில் ஃபரன்ட் பல ஆண்டுகளாக உழைத்துவருகிறார். அதில் வெற்றி கிடைத்தால், மழை பொய்த்த ஆண்டில் ஒரு சோளக்கொல்லை கருகாமல் காத்திருந்து, மழை வந்ததும் மீளக்கூடும். அங்கே ‘கிடத்தல்’ என்பதற்குப் பொருள் உண்டு. ஏனெனில் பூமியில் மழை எப்போதாவது வரும். காத்திருப்பது மீட்சி வரக்கூடிய இடத்தில் மட்டுமே உத்தி. மீட்சியே இல்லாத இடத்தில் அதற்கு வேறு பெயர்.

என் கோரிக்கை சிறியது. அறிவியல் தமிழில் எழுதுவோர் ‘தாங்கியது’ என்ற இடத்தில் ‘வாழ்ந்தது’ என்று எழுதாதிருக்கட்டும். ‘பூமிக்குத் திரும்பிய பின்னர்’ என்ற மூன்று சொற்களை இடமில்லை என்று வெட்டாதிருக்கட்டும். ‘பிழைத்தது’ என்று எழுதும்போது எங்கே, எத்தனை நாள், எந்த நிலையில் என்ற மூன்று கேள்விகளுக்கும் அதே பத்தியில் விடை சொல்லட்டும். வாசிப்போரும் அந்த மூன்று கேள்விகளைக் கேட்கட்டும். இவ்வளவு செய்தாலே பாதிக் கனவுகள் தாமாகக் கலையும். எஞ்சிய பாதி நல்ல ஆய்வுகளாக மாறும்.

சின்ட்ரிக்கியாவுக்குச் செவ்வாய் வேண்டியதில்லை. அதற்கு வேண்டியது குளிர்காலத்தில் நின்று பெய்யும் கொஞ்சம் மழை, காலடி படாத கொஞ்சம் மணல், கிடைத்தால் நிழலுக்கு ஒரு கல். இவை மூன்றும் இங்கேதான் இருக்கின்றன. மூன்றையும் குறைத்துக்கொண்டிருப்பவர்கள் நாம்தான்.